பாசி எடுப்பவர்கள் மலையேறி வந்த நாள்

போடிமெட்டுக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டமும் காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றும் உண்டு. தோட்டம் கணவர் பார்ப்பது. ஸ்டோர் என் பொறுப்பு.

போன வருடம் ராமநாதபுரம் கரையிலிருந்து கடல்பாசி எடுக்கும் பெண்கள் ஒன்பது பேரை ஓர் அதிகாரி அழைத்து வந்தார். கரையில் ஆளுக்கொரு பக்கம் பாசியைக் காயப்போட்டு விற்றவர்களுக்கு, உலர்த்தவும் தரம் பிரிக்கவும் விற்கவும் ஒரே இடத்தில் வசதி செய்யப்போகிறார்களாம். போடியில் ஏலக்காய்க்கு அப்படித்தான் இருக்கிறது என்று காட்டக் கூட்டி வந்திருந்தார்.

கடலுக்குள் மூச்சடக்கி முங்குகிறவர்களுக்கு மலை ரோடு ஒத்துக்கொள்ளவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியதும் நான்கு பேர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். சுக்குக் காப்பி குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. ஸ்டோரில் காய் பரப்பும் கம்பி வலைத் தட்டுகளை விட்டு நகரவே இல்லை.

"நாங்க மணல்லதான் பரப்புவோம்க்கா. இப்படி வலைய ஒசரத்துல கட்டுனா மண்ணே ஒட்டாதுல்ல?" என்றார் அவர்களுக்குத் தலைவி போல இருந்த, என் வயதுக்காரர்.

தோட்டத்துக்குள் போனதும் அவரே முந்தானையால் மூக்கைப் பொத்தினார். முந்தின நாள்தான் மருந்து அடித்திருந்தோம்.

"எத்தன நாளைக்கு ஒருக்கா அடிப்பீக?"

"பூச்சி இருக்கோ இல்லையோ, மாசம் தவறாம அடிச்சிருவோம்."

"நாங்க மாசத்துல பாதி நாளு கடல்ல எறங்கவே மாட்டோம். பாசி வளரணும்ல."

"கவர்மெண்டு சட்டமா?"

"தீவுப் பக்கம் போகக்கூடாதுங்கிறதுதான் சட்டம். நாளுக் கணக்கு நாங்களாப் போட்டது. மீறி எறங்குனா எங்க பொம்பளைகளே சும்மா விடமாட்டாக."

எனக்கு வெட்கமாகிவிட்டது. காயில் மருந்து தங்கியிருக்கிறதென்று ஏற்றுமதிக்காரர் எங்கள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரோடு நான் சண்டைதான் போட்டிருந்தேன்.

அவர்கள் போனதும் கணவரிடம் சொன்னேன்: "நம்ம தோட்டத்து ஓடைக்கு இந்தப் பக்கம் மட்டும், பூச்சியக் கண்ணால பாத்துட்டு அடிப்போம்."

"ஒரு காய்கூட மிஞ்சாது பாத்துக்க."

"மிஞ்சலைன்னா என்னையக் கேளுங்க."

வாரத்துக்கு இரண்டு முறை நானே இலையைப் புரட்டிப் பார்த்தேன். காய் எடுத்து முடிக்கும்வரை இரண்டு தடவைதான் மருந்து தேவைப்பட்டது. சில காய்களில் பூச்சி அரித்துச் சொறி விழுந்தது, உண்மைதான். ஆனால் இந்த முறை ஏற்றுமதிக்காரரின் மருந்துச் சோதனைக்குப் போன இந்தப் பக்கத்துக் காய் திரும்பி வரவில்லை. போனில் அந்தத் தலைவியிடம் சொன்னபோது, கரையிலும் வலை கட்டிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

நேற்று கணவரைச் சாப்பிடக் கூப்பிடப் போனேன். ஓடைக்கு அந்தப் பக்கம், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வோர் இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நீ போ, இந்த வரிசைய முடிச்சிட்டு வர்றேன்" என்றார்.