பெண்கள் பக்கத்துச் சுவர்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரே இருக்கும் டார்ச் லைட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதன் வாய் நசுங்கியிருக்கிறது, கண்ணாடி இல்லை.

திருத்தணியில் ஒரு சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து ஆட்களை உட்காரவைப்பது அப்போது என் வேலை. டிக்கெட் கொடுத்தவர் ஒரு அக்கா. அடிக்கடி உதடு வீங்கி வருவார். கேட்டால், "கதவு இட்ச்சிகிச்சிப்பா" என்பார். தரை டிக்கெட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு சுவர் இருந்தது. எந்த ஆணும் அதைத் தாண்ட மாட்டான். தாண்டினால் செருப்படி என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் மேட்னிக்குப் பழைய இங்கிலீஷ் படம் ஒன்று வந்தது. கத்திச் சண்டைப் படம் என்று நினைத்து முதலாளி போஸ்டர் ஒட்டியிருந்தார். வந்ததோ, மேடை நாடகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த லண்டன் படம். ஒரே வீடு, ஒரே கூடம். கணவன் குரலை உயர்த்தாமல் பேசிப் பேசியே மனைவியைக் கிழிக்கிறான். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்கள், "ஃபைட்டு எங்கடா?" என்று தரையைக் குத்தினார்கள். கவுண்டரை மூடிவிட்டு வந்த அக்கா மட்டும் பெண்கள் பக்கத்தில் சுவரோரம் நின்று கண் எடுக்காமல் பார்த்தார். எனக்கும் பாஷை தெரியாது, அவருக்கும் தெரியாது. "இவன் கையே ஓங்கலப்பா. ஆனா அவ மூஞ்சப் பாரு, அடிபட்ட மூஞ்சி" என்றார் என்னிடம்.

அப்போதுதான் அவர் கணவன் குடித்துவிட்டு உள்ளே வந்தான். "எவன்கிட்டடி பேசிகினு கீற?" என்று சுவரைத் தாண்டிக் குதித்தான். முடியைப் பிடித்து அவர் தலையைச் சுவரில் மோதினான். "இதோடா ஃபைட்டு!" என்று விசில் பறந்தது. மறுபடி மோதியபோது விசில் நின்றது. ஆனாலும் ஒருவரும் தாண்டவில்லை. "பொம்பளைங்க பக்கம்பா, எப்டிப் போறது?" என்றார் ஒரு பெரியவர். இந்தப் பக்கம் நின்றபடி அவன் கண்ணில் டார்ச் அடித்தேன். அவன் கண் கூசிய நேரத்தில் அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கி அவன் வாயில் அடித்தார். பல் தெறித்தது. திரும்ப அடித்தார். கண்ணாடி உடைந்து அவன் கன்னத்தில் இறங்கியது. பிறகுதான் மற்றப் பெண்கள் செருப்போடு எழுந்தார்கள். ஆபரேட்டர் படத்தை நிறுத்தவேயில்லை. திரையில் அந்தப் பெண் பெட்டியோடு கதவைத் திறந்து போய்க்கொண்டிருந்தாள்.

அக்கா டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு, ரத்தம் வழியும் தலையை முந்தானையால் அழுத்திக்கொண்டு, தாய் வீட்டுக்குக் கனகம்மாசத்திரம் பஸ் ஏறினார். அவனிடம் திரும்பவேயில்லை.

கொட்டகை இப்போது கல்யாண மண்டபம். சுவரும் இல்லை. நேற்று கூட்டத்தில் மலைப்படியில் அக்காவைப் பார்த்தேன். மொட்டை போட்டிருந்தார். முடி மறைத்திருந்த தழும்பு, சந்தனத்துக்கு அடியில் விரல் நீளத்துக்குத் தெரிந்தது.

"அந்த லைட்டு இன்னும் கீதா?" என்று கேட்டார்.

"ஆங், கீதுக்கா. எரியல."

"எரிஞ்சி என்னா ஆவணும்? வச்சிக்கோ." மொட்டைத் தலையைத் தடவிச் சிரித்தார். "இப்ப வந்து முடியப் புடிக்கச் சொல்லு பாக்கலாம்!"

வீட்டுக்கு வந்து டார்ச்சைத் துடைத்தேன். நசுங்கிய வாயை நிமிர்த்தவில்லை.

எழுதியது, ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள்.