ஒரு வருஷம்னா ஒரு வருஷம்

ஜிம்மில் சைக்கிளை மிதிக்கும்போது லவினா கண்ணை மூடிக்கொள்வார். வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஜெபமாலை சொல்கிறார் என்று நினைத்து ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார்கள். அவர் சொல்வது ஆபீஸ் போன்களின் எக்ஸ்டென்ஷன் எண்கள். அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், எம்.டி. ரூம் என்று அலுவலகம் முழுவதையும் காலையிலேயே ஒரு சுற்று சுற்றி வந்துவிடுவார். "இங்கியே ஓட்டிப் பாத்துட்டா அங்க போயி தடுமாற வேணாம்" என்பார்.

காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த ஜிம். காலை வேளை பெண்களுக்கு. கீழே பன் வேகும் வாசனை படியேறி வரும். இளைக்க வந்தவர்களுக்கு அதுவே பெரிய சோதனை. லவினா சுடிதாரும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுமாக வருவார். போகும்போது புடவை கட்டி, பவுடர் பூசி, எம்.ஜி. ரோடு பஸ்ஸைப் பிடிப்பார். அங்கே மோட்டார் பம்ப் கம்பெனி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். ஐம்பதை நெருங்கும் வயது. ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "நா எங்கேஜ்டாவே இருந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கேட்டவர் சிரிக்கும்வரை காத்திருப்பார்.

அவர் ஜிம்முக்கு வந்ததற்குக் காரணம், வருடக்கணக்காக ரிசீவரை இடுக்கிக்கொண்டே பேசிய வலது தோள். ஒரு மழைக்காலத்தில் அது இறுகிப்போய்க் கை மேலே எழும்பவில்லை. ரவிக்கைக்குள் கை நுழையாது, தலை வார முடியாது. பக்கத்து வீட்டு டீச்சர் நோரா வந்து கொண்டை போட்டுவிட்ட பிறகுதான் ஆபீஸுக்குக் கிளம்ப முடியும். ஊசி போட்டார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். கடைசியில் டாக்டர், கப்பியில் கயிற்றைப் போட்டு இழுக்கச் சொன்னார். தினமும் இழுக்க வேண்டும். விட்டால் மறுபடி பூட்டிக்கொள்ளும். கப்பி கிளாரன்ஸ் நடத்தும் இந்த ஜிம்மில் இருந்தது. சீட்டு எடுத்த பணத்தை அப்படியே கொடுத்து, ஒரு வருடத்துக்குச் சேர்ந்தார். துணைக்கு நோராவும் சேர்ந்தாள். கை மெல்ல மெல்லக் காதுவரை வந்தது, பிறகு உச்சந்தலைக்கு. தானே கொண்டை போட்டுக்கொண்ட அன்று, அது கோணலாக இருந்தும் இரவுவரை அவிழ்க்கவில்லை.

கிளாரன்ஸ் ஒருகாலத்தில் உடற்கட்டுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காணிக்கைத் தட்டு நீட்டிக்கொண்டு வருபவனும் அவன்தான். அதுவே பிறகு சங்கடமாகிப்போனது. தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் ஜிம்முக்குப் புது டிரெட்மில்கள் வந்திறங்கின. மறுவாரமே மேசைக்குப் பின்னாலிருந்த கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டினான். கட்டணம் இனி இரண்டு மடங்கு. வருடத்துக்கு முன்பணம் கட்டியவர்களும் மிச்ச மாதங்களுக்கு வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். கட்டாதவர்கள் ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம்.

பெண்கள் படித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், மறுபடி டம்பெல்லைத் தூக்கினார்கள். கோயிலில் தட்டு நீட்டுகிறவனிடம் எந்த முகத்தோடு சண்டை போடுவது?

"ஃபாதர்கிட்ட சொல்லலாம்க்கா. அவர் ஒரு வார்த்த சொன்னா கேப்பான்" என்றாள் நோரா.

"ஃபாதருக்கு எதுக்குடி டிரெட்மில் பஞ்சாயத்து? பாவசங்கீர்த்தனத்துல பாவம் சொல்ல வர்றப்ப மெரட்டச் சொல்றியா?"

"அப்ப கட்டிரலாமா?"

"எங்கேர்ந்து? சீட்டு எடுத்தாச்சு. இனிமே கட்டறது மட்டும்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பஸ்ஸில் போகும்போது தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

கம்பெனியின் சட்டப் பிரிவில் டொமினிக் என்றொருவர். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் லவினா அவருடைய லைனில் போய் விஷயத்தைச் சொன்னார். "ஒரு வருஷத்துக்குன்னு பேசி வாங்கிட்டு நடுவுல ஏத்தினா அது தப்பு மேடம். கன்ஸ்யூமர் ஃபோரம்ல எழுதிக் குடுங்க. வெள்ள பேப்பர் போதும், வக்கீல்கூட வேணாம்" என்றார் அவர். லவினா நன்றி சொன்னார். ஆனால் அன்றைக்கே எழுத உட்காரவில்லை. ஆபரேட்டர் வேலையில் அவர் பழகிய வழி ஒன்று உண்டு. எதிர்ப்பக்கம் எத்தனை கத்தினாலும், கேட்க வேண்டியதை ஒரு தடவை கேட்டுவிட்டு லைனிலேயே இருப்பார். "நாமளும் கத்தினா போன வெச்சுருவாங்க. சும்மா இருந்தம்னா அவங்களே பேசுவாங்க" என்பது அவர் கணக்கு.

மாதத்தின் கடைசி நாள் காலை, மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"கிளாரன்ஸ், எங்கிட்ட ஒரு வருஷத்துக்குன்னு வாங்கினியா, இல்லியா?"

"வாங்கினேன் ஆன்ட்டி. ஆனா மெஷின்லாம் லோன்ல வாங்கிருக்கேன். கரண்ட் பில் வேற ஏறிப்போச்சு. சொல்ப, கொஞ்சமே கொஞ்சம், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

லவினா ஒன்றும் சொல்லவில்லை. நகரவும் இல்லை.

"எல்லாரும் குடுக்கறேன்னுதான் சொல்றாங்க."

லவினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நோராவின் சைக்கிள் நின்றது.

"நீங்க டிரெட்மில்ல ஏறவே மாட்டீங்க, அது எனக்கும் தெரியுது..." கிளாரன்ஸ் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினான். "இப்ப என்ன ஆன்ட்டி, கம்ப்ளெய்ன்ட் குடுப்பீங்களா?"

"குடுப்பேன்." குட் மார்னிங் சொல்லும் அதே குரல். "வெள்ள பேப்பர் போதுமாம். ஆனா அதுல ஒம் பேர எழுத எனக்கு மனசு வரல. புதுசா வர்றவங்ககிட்ட நீ என்ன வேணா கேளு, அது ஒன் இஷ்டம். எங்களுக்கு ஒரு வருஷம்னா ஒரு வருஷம்."

கீழே பேக்கரியில் தட்டுகளை இழுக்கும் சத்தம் கேட்டது. கிளாரன்ஸ் எழுந்துபோய், கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளின் கீழ்ப்பாதியைக் கிழித்தான்.

"பழைய மெம்பருங்க எல்லாருக்கும் அவங்கவங்க வருஷம் முடியற வரைக்கும் பழைய ரேட்டு. போதுமா?"

"போதும்ப்பா."

லவினா பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டிய நோரா, "சத்தமே போடாம சாதிச்சுட்டீங்களேக்கா" என்றாள்.

"சத்தம் போட்டிருந்தா அழுதிருப்பேன்டி."

அறை முழுவதும் சிரிப்பு. ஒருத்தி ரேடியோவைத் திருப்பிவிட்டாள். அந்த நேரம் பார்த்து மேசைமேல் போன் அடித்தது. கிளாரன்ஸ் கண்ணாடியில் மிஞ்சிய பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். மணி அடித்தால் லவினாவால் உட்கார்ந்திருக்க முடியாது, போய் எடுத்துவிட்டார். யாரோ ஒரு பெண் ஜிம்மில் சேர விசாரித்தாள். புதுக் கட்டணத்தை ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் சொன்னார். பிறகு ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "நடுவுல ஏத்துவாங்களான்னு கேக்கறாங்க. இத நீயே சொல்லு" என்று கிளாரன்ஸிடம் நீட்டினார்.

அவன் அதை வாங்கித் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் சுரண்டியபடியே, "இல்ல மேடம், ஏத்த மாட்டோம். ஒரு வருஷத்துக்கு அதே ரேட்டுதான்" என்றான்.

"கழுத்துல இடுக்காதப்பா. நா பட்டது போதும்" என்று மெல்லச் சொல்லி, லவினா அவன் தோளிலிருந்து ரிசீவரை உருவி, அவன் கையில் வைத்தார்.