ஹவில்தார் அருளப்பன் ஏற்ற தண்டனை

நேற்று முன்தினம் காலை செக்கிங் டேபிளில் நின்றிருந்தபோது எங்கள் வாட்ச்மேனின் மனைவி ரோஸ்லின் அக்காவிடமிருந்து போன் வந்தது. "தங்கச்சி, உங்க அண்ணன் தூக்கத்துலயே போயிட்டாவ." எங்கள் வேலம்பாளையம் பனியன் கம்பெனியின் வாட்ச்மேன் அருளப்பன் அவர்கள் மறைந்துவிட்டார்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். சேர்ந்த புதிதில், "மொதலாளி கார் வந்தா சல்யூட் அடிக்கோணுமுங்க" என்றார் மேனேஜர். "வணக்கம் வைக்கேன் சார். சல்யூட் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

ஏனென்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

அவருக்குக் கீழே தாராபுரத்துச் சிப்பாய் ஒருவர் இருந்தார். அணிவகுப்புக்குத் தாமதமாக வந்தவரை, முதுகில் மூட்டையோடு வெயிலில் ஓடவிடச் சொன்னார் கமாண்டிங் ஆபீசர். "தண்ணி கேட்டான். நிறுத்தட்டுமா சார்னேன். ஓடட்டும்னாரு. விழுந்தான், முடிஞ்சிட்டு."

விசாரணையில் அந்த அதிகாரி, தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். கீழுள்ளவரைத் துன்புறுத்திய குற்றம் அருளப்பன் அவர்கள் தலையில் விழுந்தது.

"அங்க ஒரு கோர்ட்டு உண்டு தங்கச்சி. கமாண்டிங் ஆபீசர் ஒருத்தர்தான் நீதிபதி."

"ஓடச் சொன்னவரேவா?"

"அவரேதான். துணைக்கு ஒருத்தர் நம்ம பக்கத்துல இருக்கலாம். நமக்காகப் பேசக் கூடாது."

"இதென்னங்ணா அநியாயம்!"

"சட்டம்" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தார்.

டிஸ்மிஸ். பென்ஷன் கிடையாது.

போன வருடம் அந்தச் சிப்பாயின் தாய் எங்கள் கேட்டுக்கு வந்தார். அவருடைய சொந்தக்காரப் பெண் எங்கள் கம்பெனியில் தைக்கிறாள். அவள் மூலம் தெரிந்துகொண்டாராம். "எம்பையனக் கொன்னவன் நீதானா?" என்று செருப்பைக் கழற்றி முகத்திலேயே அடித்தார். அருளப்பன் அவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நான் ஓடிப்போய், "ஏனுங்ணா, நெசத்தச் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

"உத்தரவு யாருதா இருந்தாலும், அவன் காதுல கடைசியா விழுந்தது என் குரல்தானே" என்றார். அந்தத் தாய் கை ஓயும்வரை அடித்தார்.

மறுநாளே அருளப்பன் அவர்களைப் பின்கேட்டுக்கு மாற்றினார்கள். சரக்கு வாங்கும் பையர்கள் வரும் நேரத்தில் ரகளை கூடாதாம்.

நேற்று மண்ணரை என்ற ஊரில், அவர் வீட்டு வாசலில் சவப்பெட்டி இருந்தது. முன்னாள் ராணுவத்தினர் சிலர் மலர்வளையத்தோடு வந்தார்கள். நெஞ்சின்மேல் வைத்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். கூட்டத்தில் யாரோ விவரம் சொல்லியிருக்க வேண்டும். அவர்களின் தலைவர் அக்காவிடம் வந்து கைகூப்பினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. டிஸ்மிஸ் ஆனவங்களுக்கு நாங்க மரியாதை செய்யறதில்லீங்க. தெரியாமப் போச்சுங்க."

வைத்த வளையத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அருளப்பன் அவர்களின் சட்டையில் நாலைந்து சாமந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன. அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "இருக்கட்டுமுங்க்கா" என்றேன்.

"இல்லன்னு சொன்ன பொறவு எதுக்கு?" என்று அவற்றைத் தெருவில் போட்டார். பிறகு பெட்டியை மூடச் சொன்னார்.

போய் வாங்கண்ணா.