ஆற்றங்கரையில் ஒரு வரிசை

அயர்லாந்தில், ஆற்றோரக் கிராமம் ஒன்றில் காரை நிறுத்துகிறோம். ஒரு வீட்டு வாசலில் நீண்ட வரிசை. வரிசையைக் கண்டால் போய் நிற்கிற ரொறன்ரோப் பழக்கத்தில், கழிவறைக்கான வரிசை என்று நினைத்து நானும் மனைவி வசந்தியும் கடைசியில் போய் நிற்கிறோம். உள்ளே பெட்டியில் ஒரு கிழவர், சூட் போட்டபடி இறந்து கிடக்கிறார். அவருடைய மனைவி என் கையைப் பிடிக்கிறார்.

"இவரை எப்படித் தெரியும்?"

"இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்கிறேன். அதற்கும் சான்விச் தருகிறார்.

வெளியே வந்ததும் வசந்தி கார்க் கதவை மறிக்கிறாள்.

"செத்தவீட்டுக்குப் போட்டு வந்து முழுகாமல் ஏறப்படாது."

"உது வாடகைக் காரப்பா!"

"எந்தக் காரெண்டாலும் தீட்டு ஒட்டும், துடக்குத்தான். ஆறு சும்மாதானே ஓடுது. நீங்கள் முதல் இறங்குங்கோ. குளிரெண்டால் நான் என்ர தலையில மட்டும் தெளிக்கிறன்."

சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி முழுகுகிறேன். குளிரில் பல் கிட்டுகிறது, கண்ணீர் தானாகக் கொட்டுகிறது, வாய்விட்டு அலறுகிறேன். நிமிர்ந்தால் செத்தவீட்டுச் சனம் முழுவதும் கரையில் நிற்கிறது.

"பாவம், கிழவரில் எவ்வளவு பாசம்!" என்கிறாள் ஒருத்தி.

ஒவ்வொருவராக வந்து, தொப்பியைக் கழற்றி, என் ஈரக் கையைப் பிடித்து அனுதாபம் சொல்கிறார்கள். வரிசையின் கடைசியில் கிழவரின் மனைவியும் நிற்கிறார்.