மடிப்பில் முகம், பின்னால் கையும் காலும்

காலை ஆறு பத்து. அண்ணன் வாய் கொப்பளித்த தண்ணீர் உதட்டின் வலது ஓரமாக வழிந்து பனியனை நனைத்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். துடைக்கக் கையைத் தூக்கினார். வலது கை இடுப்புக்கு மேல் வரவில்லை. கால் மடங்கி, அடிபம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தார். அதற்குச் சற்று முன்புதான் பால் கறந்து வைத்திருந்தார்.

விடுமுறைக்கு வந்திருந்த நான் கார் பிடிக்கலாம் என்றேன்.

"இருங்க தம்பி. எங்க சித்தப்பாவுக்கு இங்கிட்டே சரியாச்சு," என்ற அண்ணி, தன் தம்பியை இலுப்பூருக்கு அனுப்பினார், புறா வாங்க. எங்கள் பக்கத்தில் கை, கால் விழுந்தால் புறா ரத்தம் தேய்ப்பார்கள். அது காய்ந்து உதிரும் வரை ஆளை அசைக்கக் கூடாது.

தேய்த்து முடித்து அண்ணி கேட்டார். "சூடு ஏறுதாங்க?"

"புறாவுக்குத்தான் சூடு எறங்கிருச்சு," என்றார் அண்ணன் குழறலாக. "எனக்கு அப்புடியே கெடக்கு."

நான் தடுக்கவில்லை. காருக்குச் சொன்னபோது மணி ஒன்பதரை.

புதுக்கோட்டையில் ஸ்கேன் முடிந்தபோது பத்து ஐம்பது. டாக்டர் மருந்துச் சீட்டின் பின்புறம் முழங்கைபோல மடிந்த ஒரு பட்டையை வரைந்தார். இன்டர்னல் கேப்சூல் என்றார். மூளையின் ஒரு பாதியிலிருந்து வரும் நரம்பிழைகள் அங்கே நெருங்கி ஒரே கட்டாக இறங்குகின்றன. மடிப்பில் முகத்துக்கானவை, அதன் பின்னால் கைக்கு, அதற்கும் பின்னால் காலுக்கு. இடது பக்கம் அந்த இடத்தில் பயறளவு அடைத்தாலே வலது உடம்பு மொத்தமும் விழுந்துவிடும்.

"ரத்தக்கசிவு இல்ல, அடைப்புத்தான். கரைக்க ஊசி இருக்கு. ஆரம்பிச்சதுலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியுற ஆபத்து கூடும். எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுச்சு?"

"ஏழு மணிங்க சார்," என்றார் அண்ணி. என் பக்கம் பார்க்கவில்லை.

ஏழு என்றால் இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது. ஆறு பத்து என்றால் பத்து நிமிடம் முன்பே முடிந்துவிட்டது.

டாக்டர் என்னிடம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா?"

அண்ணன் கட்டிலிலிருந்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறு பத்து," என்றேன்.

"பத்து நிமிசந்தானே சார் தாண்டிருக்கு," என்றார் அண்ணி. "அது வழியிலயே போயிருச்சுன்னு நெனச்சு ஊசியப் போட்டுருங்க."

ஊசி போடவில்லை. அண்ணன் இப்போது இடது கையால் சாப்பிடுகிறார்.