பச்சைச் செருப்பு

அசைலம் என்ற ஆங்கிலச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. உள்ளே ஒதுங்கியவரை யாரும் பிடித்து இழுக்கக் கூடாத இடம் என்பதுதான் பழைய பொருள். அங்கேயும் அது பெரும்பாலும் கோயிலாகவே இருந்திருக்கிறது. அகராதியில் இதைப் படித்ததும், சங்கரன்கோவிலில் சன்னதி வாசலில் செருப்பு காக்கும் அக்கா நினைவுக்கு வந்தார்.

தடித்த கண்ணாடி, வெற்றிலைக் கறை ஏறிய பல். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். காலைப் பார்த்து டோக்கனை நீட்டுவார்.

ஒருநாள் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒருவன் வேகமாக வந்தான்.

"பச்சைச் செருப்பு போட்டுக்கிட்டு எம்பொண்டாட்டி உள்ள போனாளா?"

"எனக்கு மொகம் தெரியாது. செருப்பு கெடக்கான்னு பாத்துக்கிடும்."

செருப்பு அடுக்கிய தட்டுகள் முழுக்கத் தேடினான். பச்சை இல்லை. அவள் உள்ளே இல்லை என்று முடிவுகட்டி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினான்.

அக்கா தான் உட்கார்ந்திருந்த சாக்கின் நுனியைத் தூக்கினார். அடியில் பச்சைச் செருப்பு கிடந்தது.

"அவன் தேடி வருவான்னு எப்படிக்கா தெரியும்?"

"கெண்டைக்கால்ல பெல்ட்டுத் தடம் கெடந்துது தம்பி. அந்தச் செருப்பப் போயி வெளிய வைப்பனா?"

இதைச் சொல்லும்போதும் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.