சந்தேகம் சீனியும் பிடுங்கிய ஒயரும்

நான் சொல்லப்போகும் கதையை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்து தருகிறேன். நம்பவும் வேண்டாம். போன மனிதருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

போன மாதம் ஒரு காலையில் சீனியின் மனைவி விஜயா போன் செய்தாள். "அண்ணே, அவிய போயிட்டாவ" என்றாள்.

"யாரும்மா சொன்னது?" என்று கேட்டேன். சீனியோடு பல வருஷப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"நான்தாண்ணே சொல்லுதேன். பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். கையைத் தொட்டுப் பாத்துட்டேன்" என்றாள். அழுகைக்கு நடுவிலேயே, "அவியளா இருந்தாலும் இதைத்தான் மொதல்ல கேட்டிருப்பாவ" என்றும் சொன்னாள்.

மில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்குச் சீனிவாசகன் என்றால் யாரென்று தெரியாது. சந்தேகம் சீனி என்றால் தெரியும். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். நேரில் "ஏலே" என்றுதான் கூப்பிடுவேன். இங்கே "அவர், இவர்" என்று எழுதுவதைப் பார்த்தால், அண்ணாச்சி எதற்கோ அடிபோடுகிறார் என்று நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும்.

எண்பதுகளில் இராஜபாளையம் பஸ் நிலையத்தில் நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூர் என்று போர்டு மாட்டிய டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இது ஸ்ரீவில்லிபுத்தூர் போகுமா?" என்று கண்டக்டரிடம் கேட்டார்.

"போர்டைப் பாத்துட்டுத்தான ஏறுனீரு?"

"போர்டு போகுமான்னு கேக்கல. பஸ் போகுமான்னு கேட்டேன்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே சிலையாகிவிட்டார். அந்தப் பஸ் மூன்று நாள் அங்கேயே நின்றது, பயணிகள் அதற்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று நான் பல கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தப் போர்டு மாற்றப்படாத பழைய போர்டுதான், பஸ் சேத்தூர் போகிற பஸ் என்பது கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பாதிப் பஸ் இறங்கியது. ஒருவரும் சீனிக்கு நன்றி சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவனுக்கு யார் நன்றி சொல்லுவார்கள்?

தொண்ணூறுகளில் அவருக்கு ஒரு கம்பைலர் கிடைத்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நாம் எழுதுகிற புரோகிராமை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற மென்பொருள்தான் கம்பைலர். அதைச் செய்தவர்கள் பல தேசங்களில் இருந்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. செய்ததை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். உள்ளே எப்படிச் செய்தோம் என்பதையும் திறந்தே வைத்திருந்தார்கள். மதுரையிலிருந்து ஒரு நண்பர் பிளாப்பியில் கொண்டுவந்து கொடுத்தார். சீனி அந்தப் பிளாப்பியை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"ஏலே, அது என்ன கருவாடா?" என்றேன்.

"சும்மா கிடைக்குதுன்னா ரெண்டு தடவை மோந்து பாக்கணும் அண்ணாச்சி."

ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் கூடவே ஒரு குறிப்பு வரும். என்ன மாறியிருக்கிறது, எது உடையலாம், விளக்கத்தை எங்கே போய்ப் படிக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் குறிப்பில் 'சில பிழைகள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி சீனியின் தூக்கத்தைக் கெடுத்தது. "சிலன்னா எது எது? நீக்குனவன் யாரு? நீங்குச்சான்னு பாத்தவன் யாரு? 'சில'ன்னு எழுதுறவன் எதையோ மறைக்கான்" என்றார். ஒவ்வொன்றாகத் தானே செய்து பார்த்தார். சிலது நீங்கவே இல்லை. அதையெல்லாம் வரிசையாக எழுதி மின்னஞ்சலில் அனுப்பினார். அவர்களும் பதில் போட்டார்கள்: அப்படியானால் இனிமேல் குறிப்பை நீங்களே எழுதுங்கள்.

அதையும் சந்தேகப்பட்டார். ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து உலகத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இராஜபாளையத்தின் அனுமதிக்காகக் காத்துக்கிடந்தன. சீனி குறிப்பை முடிக்கும்வரை விமானங்கள் வானத்திலேயே வட்டமடித்தன. ஒரு ஆள் இத்தனையைச் சோதித்திருக்க முடியாது, குறிப்பின் அடியில் இருக்கிற 'ராஜபாளையம்' என்பது நாற்பது பேர் வேலை பார்க்கிற ஆபீஸாகத்தான் இருக்கும் என்று வெளிநாட்டுக்காரர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். நான் கேட்டபோது சீனி மறுக்கவில்லை. "நாப்பது பேருன்னு நெனச்சாத்தான் பயந்து ஒழுங்கா வேலை பாப்பான்" என்றார்.

அவருடைய வேலை முறையைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அப்போது எங்கள் ஊரில் இன்டர்நெட் வேண்டுமென்றால் மதுரைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும், நிமிஷத்துக்கு நிமிஷம் காசு. சீனி விடியற்காலையில், கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு சேர்க்கிற மோடத்தைப் போடுவார். அது கதறுகிற கதறலில் தெருவிலிருந்த இராஜபாளையம் நாய்களெல்லாம் ஒரே ஓட்டமாக ஓடிச் செண்பகத்தோப்பு மலையில் ஏறிவிடும். லைன் கிடைத்தவுடன் வேண்டிய பக்கங்களையெல்லாம் தன் கம்ப்யூட்டருக்குள் இறக்கிக்கொண்டு லைனை வெட்டிவிடுவார். பிறகு பகலில் நிதானமாகப் படித்து, குறிப்பு எழுதி, ஒவ்வொரு விளக்கத்துக்கும் இணைப்பு கொடுப்பார். இணைப்பு என்றால் விலாசம்தான். அழுத்தினால் அந்தப் பக்கம் திறக்க வேண்டும். "கதவைத் தட்டிப் பாக்காம விலாசம் கொடுக்கக் கூடாது" என்பது அவர் வாக்கு. அடுத்த நாள் விடியலில் குறிப்பை அனுப்புவார்.

இதற்கிடையில்தான் நான் ஒரு நல்ல காரியத்தில் தலையிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருந்த வேலாயுதம் அண்ணாச்சியின் மகள் விஜயாவைச் சீனிக்குப் பேசினேன். பெண் பார்த்தாயிற்று, இருவருக்கும் பிடித்தும் போயிற்று. "இம்புட்டு சந்தேகப்படுற மனுசன், என்னைப் பாத்த பொறவு ஒரு கேள்விகூடக் கேக்கலையே" என்று விஜயா என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள். சீனியும் அந்த வாரம் முழுக்க எதையும் மோந்து பார்க்காமலே சாப்பிட்டார். இனி வேலாயுதம் அண்ணாச்சி சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' சாதாரண மலை இல்லை. அவர் பால்காரரிடம் பால் வாங்குகிறபோது முதலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டுகிற லாக்டோமீட்டரை விடுவார். பிறகு பால்காரரின் முகத்தைப் பார்ப்பார். பிறகு மாட்டைக் கூட்டிவரச் சொல்லி அதன் முகத்தையும் பார்ப்பார். நாங்கள் எல்லோரும் செய்கிற மாதிரி அவரும் சொல்லாமல் கொள்ளாமல் இராஜபாளையம் வந்து, மாப்பிள்ளையின் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்தார்.

டீக்கடைக்காரர் நல்லவர். உள்ளதைச் சொன்னார். "பையன் தங்கமான பையன். ஆனா விடிஞ்சும் விடியாம வீட்டுக்குள்ள என்னமோ கதறும். வெளிநாட்டுக்காரனுக்கு ஏதோ வேலை செய்யுதாரு. சம்பளம் கிடையாதாம்."

வேலாயுதம் அண்ணாச்சி டீயை அப்படியே வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "தம்பி, மில்லுல சம்பளம் வாங்குதாரு, சரி. இந்த வேலைக்கு ஏன் வாங்கல? சம்பளம் வாங்காம வேலை செய்யுறவன் வேற எதையோ வாங்குதான்னு அர்த்தம். அதைத் தெரிஞ்சுக்கிடாம பொண்ணு கிடையாது."

"நீங்களே வந்து பாருங்க" என்றேன்.

வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நானும் கூடப் போனேன். சீனி வெளிறிப்போய் நின்றார். மறுநாள் விடியற்காலையில் பெரிய பதிப்பு ஒன்று வெளியாக வேண்டும். குறிப்பு முடிந்து, லைனைப் போட்டு எல்லா இணைப்பையும் தட்டிப் பார்த்து, அனுப்பத் தயாராகத் திரையில் இருந்தது; லைனை இன்னும் வெட்டவில்லை. நாற்காலியைப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டு, குறிப்பு என்றால் என்ன, இணைப்பு என்றால் என்ன என்று சொன்னார்.

"இந்தா நீலமா கோடு போட்டிருக்கே, இதையெல்லாம் அமுக்குனா?"

"அந்தந்த ஊருக்குப் போயி அந்தப் பக்கத்தைக் கொண்டுவரும் ஐயா."

"எது வழியா?"

சீனி டெலிபோன் ஒயரைக் காட்டினார். பெரியவர் குனிந்து அதைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டார். மோடத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்குகளில் ஒன்று அணைந்தது.

"இப்ப அமுக்கும். ஒண்ணும் வரக் கூடாது. வந்துச்சுன்னா நீரு சொன்னது பொய்."

சீனி முதல் இணைப்பை அழுத்தினார். பக்கம் கிடைக்கவில்லை என்றது திரை. பெரியவர் தலையாட்டினார். இரண்டாவதும் அப்படியே. "எல்லாத்தையும் அமுக்கும்" என்றார் பெரியவர். சீனி ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். ஒவ்வொன்றாகக் கிடைக்காமல் போகப்போக, அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. நான் மனதுக்குள் பந்தல்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பாதிக்கு மேல் போனபோது ஒரு பக்கம் பளிச்சென்று திறந்தது.

பெரியவர் எழுந்தார். கையில் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒயரு என் கையில இருக்கு. பொறவு இது மட்டும் எங்கெருந்துவே வருது?"

"அண்ணாச்சி, சில பக்கம் அப்படித்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, சும்மா இருங்க" என்றார் சீனி. என்னை அவர் அதட்டியது அந்த ஒரு முறைதான். திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் அந்த விலாசத்தைப் படித்தார். படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, இது என் வீட்டு விலாசம்."

அவர் சொல்லித்தான் எங்களுக்கு விளங்கியது. வெளியூர்ப் பக்கத்தின் விலாசத்தை எழுதுவதற்குப் பதிலாக, தன் கம்ப்யூட்டருக்குள் இறக்கிவைத்திருந்த பிரதியின் விலாசத்தை எழுதிவிட்டார். தட்டிப் பார்க்காமலா இருந்தார்? தட்டித்தான் பார்த்தார். தன் வீட்டுக் கதவைத் தானே தட்டித் தானே திறந்துகொண்டார். அவருக்கு மட்டும்தான் அது திறக்கும். உலகத்தில் வேறு யார் அழுத்தினாலும் ஒன்றும் வராது. போயும் போயும் அது எந்தப் பக்கம்? பழைய புரோகிராம்கள் புதுப் பதிப்பில் எப்படி உடையும் என்று எச்சரிக்கிற பக்கம். அதைப் படிக்காமல் ஒருவன் பதிப்பை மாற்றினால் அவன் பிழைப்பு கெட்டுவிடும்.

"ஊரையே சந்தேகப்பட்டேன். என்னைய விட்டுட்டேன்" என்றார்.

பிறகு எழுந்து, பெண் வீட்டுக்காரர் ஒருவர் பின்னால் நிற்கிறார் என்பதையே மறந்து, அந்த விலாசத்தை அடித்துத் திருத்தினார். மற்ற எல்லா இணைப்பையும் மறுபடி ஒவ்வொன்றாக அழுத்தினார். ஒயர் இல்லாமல் ஒன்றும் திறக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் திரும்பினார். திரும்பியதும்தான் ஞாபகம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வேலாயுதம் அண்ணாச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பால்காரரின் முகத்தைப் பார்க்கிற அதே பார்வை. பால் திரிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

"எனக்கு ஒரு எழவும் புரியாதுன்னு உமக்குத் தெரியும். என்னமோ ஒண்ணைச் சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்லா?"

"சமாளிச்சா நாளைக்கு இது அப்படியே வெளிய போயிருமே ஐயா."

பெரியவர் ஒயரைக் கொண்டுபோய் அவரே அதன் இடத்தில் சொருகினார். சொருகிவிட்டு, "மாப்ளே, இந்தத் தெருமுனைக் கடை டீ வேண்டாம், பால்ல தண்ணி. வீட்டுல காப்பி போடச் சொல்லுங்க" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு பதிப்புக்கும் மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து ஒயரைப் பிடுங்கினார். பதிப்புக்குப் பதிப்பு கூட்டம் கூடி, மேளம் வைத்து, கடைசியில் கோவில்பட்டியிலிருந்து ஸ்பெஷல் பஸ் விட்டார்கள். பிடுங்கிய ஒயரை வணங்கிய பிறகுதான் உலகமெங்கும் பொத்தானை அழுத்தினார்கள்.

சீனியின் காரியங்கள் முடிந்த பிறகு விஜயா என்னைக் கூப்பிட்டு அந்த டெலிபோன் ஒயரைக் கொடுத்தாள். சாம்பல் நிறம், ஒரு முனையில் பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது. "அப்பாவும் போயாச்சு, அவியளும் போயாச்சு. நீங்கதான்ணே அன்னைக்குக் கூட இருந்தது" என்றாள். "இது அதே ஒயர்தானாம்மா?" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

அது என் மேசைமேல் இருக்கிறது. சீனியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒயரும், யார் எதைச் சொன்னாலும் வாயில் முதலில் வருகிற அந்தக் கேள்வியும்தான்.

இனி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாய்கள் மலையேறவில்லை. விமானங்கள் நேரத்துக்கு இறங்கின. மாட்டின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. மேளமும் ஸ்பெஷல் பஸ்ஸும் என் கைச்சரக்கு. மீதியையும் நீங்கள் நம்ப வேண்டாம்.

ஒயரைப் பிடுங்கிய பிறகும் ஒரு பக்கம் திறந்தது. அது மட்டும் உண்மை.